ஏசத் தெரியாத மிசின்

1

1980 பெப்ரவரி 9, சனிக்கிழமை, காலை 10.40. வடக்கு லண்டனில் என் மகளின் வீட்டு வாசல். மழையும் இல்லை, பனியும் இல்லை. இரண்டுங்கெட்ட ஒரு ஈரம் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. தபாற்காரன் ஒரு சிறிய பொதியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்த பொதி. விலாசம் என் தங்கை பூரணத்தின் கையெழுத்து. நாரந்தனையிலிருந்து இங்கே வர இருபத்திரண்டு நாட்கள் எடுத்திருந்தது.

தையலை வெட்டினால் உள்ளே ஒரு கசெற். பார்த்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. போன ஆவணியில் நான் ஐம்பத்தெட்டுப் பவுண் ஐம்பது பென்ஸ் கொடுத்து வாங்கி, தங்கையின் மகள் யோகத்துக்கு அனுப்பிய ஆங்கிலப் பாடக் கசெற்றுகள் பன்னிரண்டில் அது நான்காவது. பின்பக்கத்தில் இரண்டு சிறு துவாரங்கள் இருக்கும். மேலே வேறு ஒன்றும் பதியக்கூடாதென்றுதான் கம்பனிக்காரன் அவற்றை விட்டிருக்கிறான். அந்த இரண்டையும் கடதாசி வைத்து அடைத்திருந்தார்கள். பன்னிரண்டில் ஒன்று போனால் மிச்சம் பதினொன்று என்று நினைப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். நான்காம் பாடம் இல்லாமல் ஐந்தாம் பாடம் எப்படி விளங்கும்?

பேத்தி சாமினியின் பாட்டுப் பெட்டியில் கசெற்றைப் போட்டேன். முதலில் பழைய பாடந்தான் வந்தது. ஒரு கனவான் புகையிரத நிலையத்தில் போய்வரும் ரிக்கற் ஒன்று கேட்கிறார். ரிக்கற் கொடுப்பவர் விலை சொல்கிறார். கனவான் வானிலையைப் பற்றி ஒரு வசனம் சொல்கிறார். சாமினி விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த ஊரில் ஒருவரும் இப்படிக் கதைப்பதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டாள். அவளுக்கு வயது ஒன்பது. அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தொன்று. அதில் பத்தொன்பது சாப்பாட்டின் பெயர்கள். அந்தக் கோபத்தை இன்னொரு நாளைக்கு எழுதலாம்.

கனவான் பாதி வசனத்தில் அறுந்தார். டக்கென்று ஒரு சத்தம். பிறகு யோகத்தின் குரல்.

"மாமா, நான் யோகம் கதைக்கிறன். நீங்கள் கோவிப்பியள் எண்டு தெரியும். கோவியுங்கோ. ஆனா முழுக்கக் கேட்டுப்போட்டுக் கோவியுங்கோ. இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு லவுட்ஸ்பீக்கர் குணமண்ணை வருவார். இந்த மிசினை அவருக்கு விக்கப்போறன். எழுநூற்றைம்பது ரூபாக்குப் பேசியிருக்கு. உங்களுக்குச் சொல்லாமல் விக்கக்கூடாது. அதுதான் விக்கமுதல் இதிலையே சொல்லிறன்."

நாற்பத்தொரு பவுண் தொண்ணூற்றைந்து பென்ஸ் பெறுமதியான ரேப் ரெக்கோடர். எழுநூற்றைம்பது ரூபா என்றால் இருபத்தொரு பவுணும் இல்லை. வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

2

ஏன் அனுப்பினேன் என்பதைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் என் கோபத்தில் எவ்வளவு நியாயம் என்று ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்கும்.

யோகம் முதல் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எடுபடும்வரை எல்லாவற்றையும் தமிழில் படித்தவள். பௌதிகமும் இரசாயனமும் தமிழில்தான். நன்றாகவே படித்தாள், பெறுபேறு அதைச் சொல்லும். தமிழில் படிப்பித்ததில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அவள் உள்ளே போய்ப் பார்த்தால் நூலகத்தில் இருக்கிற புத்தகம் ஆங்கிலம், விரிவுரை பாதி ஆங்கிலம், சிறப்புப் பட்டத்துக்கு எடுபட வேண்டுமென்றால் ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேறவேண்டும். பதின்மூன்று வருடம் ஒரு மொழியில் ஏற்றிவிட்டு, ஏறினபிறகு ஏணியை மாற்றுகிறார்கள். யோகம் முதல்தரம் பெயில். இன்னும் ஒரே ஒரு தரந்தான் எழுதலாம். அதிலும் தவறினால் சிறப்புப் பட்டம் இல்லை. விரிவுரையாளராக வரவேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை அவள்.

இந்த விளையாட்டு எனக்குப் புதிதல்ல. நான் கொழும்பில் அரசாங்க இலிகிதராக இருந்தவன். 1956க்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு, அரசகரும மொழியான சிங்களத்தைப் படி, பரீட்சை எழுது, இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். நான் எழுதவில்லை. மூன்று உயர்வுகளை நிறுத்தினார்கள். 1963இல் இருக்கிற ஓய்வூதியம் போதும் என்று எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் எங்கள் ஆட்கள் மேலும் உண்டு. எங்கள் வாசகசாலையில் ஏறி நின்று, ஆங்கிலம் அடிமை மொழி, எங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று முழங்கியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருடைய பிள்ளைகளும் அப்போது கொழும்பில் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு பிள்ளைகளும் இன்று டொக்டரும் எஞ்சினியரும். கைதட்டியவர்களின் பிள்ளைகள் ஒரு பரீட்சையின் வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவேதான் மிசின் வாங்கினேன். மனிதர்களை நம்பி மூன்று உயர்வு இழந்தவன் நான். மிசின் பொய் சொல்லாது, ஆளைப் பார்த்து நடக்காது, எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காது. இங்கே ஊருக்குப் போகவிருந்த புங்குடுதீவு ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அவருக்கு ஒரு போத்தல், ஆறு பவுண் எண்பது. விமான நிலையத்துச் சுங்கத்தில் இது ஆடம்பரப் பொருள் என்றார்களாம். படிப்புக்கு என்று அவர் சொன்னார். படிப்புக்கு என்றால் பல்கலைக்கழகத்தின் கடிதம் எங்கே என்றார்களாம். தொளாயிரம் ரூபா கட்டி எடுத்தார். அதை நான் இருபத்தைந்து பவுணாக அவருடைய தம்பிக்கு இங்கே திருப்பிக் கொடுத்தேன்.

3

மிசின் போய்ச் சேர்ந்த அன்று நடந்ததை யோகம் கசெற்றில் சொன்னாள்.

வெளிநாட்டிலிருந்து கசெற் அனுப்புகிற வழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவியிருந்தது. யாருடைய மகனோ ஜேர்மனியிலிருந்தோ குவைத்திலிருந்தோ பேசி அனுப்புவான். கடிதம் என்றால் ஒருவர் படித்து மடித்து வைப்பார். கசெற் அப்படியல்ல. வந்தால் அயலட்டை முழுக்க முற்றத்தில் பாய் விரித்து இருந்து கேட்கும். கேட்டு அழுது, தேத்தண்ணீர் குடித்துப் போகும். அதுவரை ஒருவரும் ஒரு கசெற்றுக்கு மேல் அனுப்பியதில்லை. நான் பன்னிரண்டு அனுப்பியிருந்தேன்.

"அப்பா படலையடியிலையே எல்லாருக்கும் சொல்லிப்போட்டார், மாமா. விளக்கு வைக்கமுதல் முற்றம் நிறைஞ்சு போச்சு. அம்மா அழத் தொடங்கிட்டா. 'பன்னிரண்டு கசெற்றுக்குக் கதைக்கிற மனிசனே எங்கடை அண்ணை? ஏதோ சுகமில்லை, அதுதான் எல்லாத்தையும் சொல்லிவிடுறார்' எண்டா. அப்பா சொன்னார், 'காணிக்கதை கடைசிக் கசெற்றிலதான் வரும், முதல்ல இருந்து ஒழுங்காப் போடு' எண்டு."

காணிக்கதை! என் பேரில் அங்கே இருப்பது பதினாறு பரப்பு. யோகத்தின் தகப்பன் செல்லத்துரை, என் மச்சான், புகையிலைத் தோட்டக்காரன். என் காணியைப்பற்றி அவருக்கு இருக்கிற கவலை எனக்கே இல்லை.

"இது பாடம், மாமாவின்ரை குரல் இதில வராது எண்டு நான் சொன்னனான். 'பெரியாக்கள் கேக்கினம், நீ சும்மா இரு' எண்டுபோட்டார் அப்பா. வெள்ளைக்காரன் குட் மோர்ணிங் சொன்னான். பக்கத்து வீட்டுச் சின்னப்பு அப்பு, 'உது ஆர், டொக்டரே?' எண்டார். 'ஓம், அண்ணைக்குப் பக்கத்தில நிக்கிற டொக்டராக்கும்' எண்டா அம்மா. பாடத்தில இடைக்கிடை நிப்பாட்டுவாங்கள், நாங்கள் திருப்பிச் சொல்லுறதுக்கு. அப்ப அம்மா, 'ஐயோ, அண்ணைக்கு மூச்சு வாங்குது' எண்டா. எல்லாரும் அழுகை. அஞ்சாவது கசெற்றில பற்றரி இறங்கிப் போச்சு. குரல் இழுபட்டுப் போச்சுது. சின்னப்பு அப்பு எழும்பி நிண்டு, 'டொக்டரே அழுகிறான், இனி என்னத்தைக் கேக்கிறது?' எண்டார், மாமா."

இந்த இடத்தில் யோகம் கசெற்றுக்குள் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு. அதற்கு மூன்றாம் நாள் என் உடல்நிலையை உடனே அறிவிக்கும்படி எனக்குத் தந்தி வந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று பதில் தந்தி கொடுக்க மூன்று பவுண் இருபது பென்ஸ். உயிரோடு இருப்பதற்கு இவ்வளவு காசு நான் வேறு எங்கும் கட்டியதில்லை.

அதோடு மிசின் ஊர்ச்சொத்து ஆகிவிட்டது. கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கோயில் மேளம், யாரோ இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் தேவாரம் என்று எல்லாவற்றையும் பதியச் செல்லத்துரை அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். புகையிலை விற்றுக் கிடைக்காத மரியாதை அதில் கிடைத்தது. போகிற இடத்தில் கதிரை போட்டார்களாம். ஆவணியில் போன மிசின் யோகத்தின் கைக்கு வந்தது கார்த்திகையில்.

4

யோகம் பட்டினத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறாள். ஓர் அறையில் ஐந்து பெண்பிள்ளைகள், ஐந்து பேரும் அதே பரீட்சைக்கு இருப்பவர்கள். மிசின் அறைக்கு வந்ததும் ஐந்து பேரும் முட்டி மோதிப் படித்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஒருத்தி சொல்லுறாள், படுத்துக்கொண்டு கேட்டா நித்திரையிலை தானா மண்டைக்குள்ள போயிடுமாம். அவள் போட்டுவிட்டு நித்திரை கொள்ளுவாள். பற்றரிதான் போச்சுது. இன்னொருத்திக்கு வெக்கம். போர்வைக்குள்ள மிசினோட படுத்துக்கொண்டுதான் திருப்பிச் சொல்லுவாள். ராதா இருக்கிறாளெல்லே, அவளுக்கு ஒரே கோவம். 'வெள்ளைக்காரன் ரிக்கற் எடுத்தா எனக்கென்ன, எடுக்காட்டி எனக்கென்ன? இஞ்ச புத்தகத்தில ஒரு பக்கம் விளங்குதில்லை, உவர் எனக்கு மழை பெய்யுமோ எண்டு கேக்கப் படிப்பிக்கிறார்' எண்டு சொல்லுவாள். அவள் சொல்லுறது சரிதான், மாமா."

சரியாம். ஐம்பத்தெட்டுப் பவுண் பாடத்தில் குறை சொல்கிறாள் ராதா. அவளுடைய தகப்பன் ஐந்து சதம் போட்டிருப்பானா?

"பெடியளுக்கு எப்பிடியோ தெரிஞ்சு போச்சு. நான் கன்ரீனுக்கை போனா, 'யோகேஸ்வரி வாறா, ரிக்கற் எடுங்கோ, ரிக்கற் எடுங்கோ' எண்டு கத்துவாங்கள். ஆனா அவங்களும் இரவில இரகசியமா வந்து கசெற் இரவல் கேப்பாங்கள். பகிடி பண்ணிறவைதான் கூடக் கேக்கிறவை."

பல்கலைக்கழகத்திலேயே ஒரு மிசின் அறை இருக்கிறதாம். வெளிநாடு ஒன்று கொடுத்தது. பதினாறு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் காதில் மாட்டுகிற கருவி. நல்ல விஷயந்தானே, அதில் படிக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். உள்ளே போக மூன்று பேரின் கையெழுத்து வேண்டும். இரண்டு பேரின் கையெழுத்தை யோகம் எடுத்துவிட்டாள். மூன்றாமவர் லீவில் போய்விட்டார். பூட்டைத் திறக்கிற திறப்பும் அவரிடம். எங்கள் காரியாலயத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். தட்டச்சு மிசினுக்குப் பழுது வந்துவிடும் என்று அதைத் தொடவே விடமாட்டார். பழுது வரவில்லைத்தான். துருப்பிடித்தது.

"ஒரு நாள் திறந்தவை. செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போனம். குளிர் காத்து வருது. காதில மாட்டினவுடன எல்லாருக்கும் பெரிய சந்தோசம், பிளேனுக்குள்ள இருக்கிற மாதிரி. நல்லாயிருக்கோ எண்டு சேர் கேட்டார். எல்லாரும் ஓம் ஓம் எண்டம். ஆனா திருப்பிச் சொல்லச் சொன்னா ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பக்கத்தில இருக்கிறவைக்குக் கேட்டுப்போடுமெல்லே. ஒரு மணித்தியாலம் பதினாறு பேரும் வாயை மூடிக்கொண்டு இங்கிலீசு கேட்டம். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தம்."

நான் கசெற்றை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு மிச்சத்தையும் கேட்டேன்.

"மாமா, எனக்கு முதல்ல இந்த மிசின் சரியான விருப்பம். ஏனெண்டா இது சிரிக்காது. ராதா சிரிப்பாள், பெடியள் சிரிப்பாங்கள், இது சிரிக்காது. ஆனா இது ஏசவும் மாட்டுது. நான் பிழையாச் சொன்னாலும் அது தன்ரை பாட்டில அடுத்ததுக்குப் போகுது. ரெண்டு மாசம் ஒரே பிழையை நான் நல்ல வடிவாப் பழகிப்போட்டன். பட்டினத்தில பென்சன் எடுத்து இளைப்பாறின ரீச்சர் ஒருத்தி இருக்கிறா. எங்கடை பாடப்புத்தகத்தையே எடுத்து, ஒவ்வொரு வரியா வாசிக்கவைச்சு, பிழை விட்டா அந்த இடத்திலையே ஏசுவாவாம். ஆளுக்கு இவ்வளவு எண்டு அவ எடுக்கிறேல்லை. நாங்கள் அஞ்சு பேரும் போனாலும் கூட்டத்துக்கு மாசம் முந்நூற்று அறுபது. பரீட்சைக்கு ரெண்டு மாசம் கிடக்கு. எழுநூற்று இருபது. மிச்சம் முப்பது ரூபா பஸ்சுக்கு."

கணக்கு என்னவோ சரிதான். என் மருமகள் அல்லவா.

5

யோகம் நாரந்தனை வீட்டில் இருந்துதான் பேசியிருக்கிறாள். இந்த இடத்தில் செல்லத்துரையின் குரல் தூரத்தில் கேட்டது. பிறகு கிட்ட வந்தது. மிசின் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

"எடியே, குணம் படலையில நிக்கிறான். மெய்யாத்தான் விக்கப்போறியோ?"

"ஓம் அப்பா."

"விசரே உனக்கு? வாற திருவிழாவுக்கு மேளம் பதியக் கொண்டுவாறன் எண்டு கோயிலடியில சொல்லிப்போட்டன். நான் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"நான் ரெண்டாந்தரமும் பெயில் எண்டா எங்க வைப்பியள்?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு பூரணத்தின் குரல்.

"இஞ்சருங்கோ, அவளை விடுங்கோ. உது வந்த நாள் தொடக்கம் நீங்கள் வீட்டில நிக்கேல்லை."

"மச்சான் லண்டனிலையிருந்து கேட்டா என்ன சொல்லுவாய்?"

"அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன். ஓடுது பாருங்கோ."

"ஆ? ஓடுதோ?" செல்லத்துரையின் குரல் சட்டென்று மாறியது. "மச்சான், சுகமா இருக்கிறியளே? எனக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை, கேட்டியளே? எல்லாம் உங்கடை மருமோளின்ரை வேலை."

அடுத்தது குணம். எங்கள் பகுதியில் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். "அண்ணை, எழுநூறு தாறன். மூடி கீறுப்பட்டுப் போச்சு."

"கீறினது நீங்கள்தான், குணமண்ணை," என்றாள் யோகம். "மாவிலித்துறையடிக் கலியாணத்தில. எழுநூற்றைம்பதுதான் பேச்சு. இல்லையெண்டா விடுங்கோ."

"சரி சரி. இதென்ன, என்ரை குரலும் விழுகுதோ? அப்ப லண்டன் ஐயாவுக்கு வணக்கம். நல்ல சாமான் ஐயா. அடுத்த முறை ரெண்டு பக்கமும் கசெற் போடுறதா ஒண்டு அனுப்புங்கோ."

காசு எண்ணுகிற சத்தம் கேட்டது. நானும் அவனோடு சேர்ந்து எண்ணினேன். ஐம்பது ரூபாத் தாள் பதினைந்து, சரியாக இருந்தது. "போட்டு வாறன், மாமா" என்றாள் யோகம். டக். அடுத்த வினாடி அதே புகையிரத நிலையத்துக் கனவான், ஒன்றும் நடக்காதவர்போல, ரிக்கற்றை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

6

அன்றே எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதினேன். மிசினைக் கையாளத் தெரியாத மாணவர் கூட்டம் என்று எழுதினேன். இங்கே இத்தகைய அறைகளில் பிள்ளைகள் விடிய விடியப் படிக்கிறார்கள் என்றும் எழுதினேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் அந்த அறைகளைப் பார்த்ததில்லை. ஏசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

பங்குனியில் பதில் வந்தது. ஏச்சுக்கு ஒரு வரிகூட மறுமொழி இல்லை. பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம், பரீட்சை ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது, ரீச்சருக்குக் கட்டிய காசு முடிந்தது, போர்வைக்குள் படித்த பிள்ளையும் ராதாவும் இனி வரவில்லை என்கிறார்கள், மிச்ச மூன்று பேரும் முந்நூற்று அறுபதைப் பங்குபோடப் பார்க்கிறோம், நடக்குமோ தெரியாது. அவ்வளவுதான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

கேட்காததால் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. ரீச்சர் கூட்டத்துக்குத்தான் காசு வாங்குகிறார். மூன்று பேர் போனாலும் முந்நூற்று அறுபது, ஐந்து பேர் போனாலும் முந்நூற்று அறுபது. அந்த இரண்டு பேரையும் வெளியே விட்டால் யாருக்கும் ஒரு சதம் மிச்சமில்லை. சும்மா இரண்டு பிள்ளைகள் வீணாகப் போவார்கள். யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு நான் ஏன் கட்டவேண்டும் என்று இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தேன். மகள், "அப்பா, இருங்கோ, தலை சுத்துது" என்றாள். மூன்றாம் நாள் வங்கிக்குப் போனேன். நான் படித்தது சீனியர் கேம்பிரிட்ஜ். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு நான் சொன்னதையே மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு விண்ணப்பப் பாரத்தைத் தள்ளி எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். பத்துப் பவுண் அனுப்ப இரண்டு பவுண் ஐம்பது கூலி. ஐந்து பேரும் போகாவிட்டால் காசைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று யோகத்துக்குத் தனியாக எழுதினேன்.

ஐந்து பேரும் போனார்கள். ஆடியில் முடிவு வந்தது. யோகம் பாஸ். ராதா பாஸ். போர்வைக்குள் படித்த பிள்ளையும் பாஸ். மற்ற இரண்டு பேரும் தவறிவிட்டார்கள். அவர்களுக்கு இனி ஒரு தரமும் இல்லை. அந்த இரண்டு பேரின் பெயரையும் யோகம் எழுதியிருந்தாள். நான் அவற்றை இங்கே போடவில்லை. அவர்கள் மக்கு என்று ஒருவரும் நினைக்கக்கூடாது. பல்கலைக்கழகம்வரை வந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வாத்தியார், நாளுக்கு ஒரு பாடவேளை, பிழை விட்டால் ஏசி, பத்து வருடம் சொல்லிக் கொடுத்திருந்தால் ஐந்து பேரும் பாஸ். அதற்கு வெளிநாட்டு மிசினும் வேண்டாம், குளிர் அறையும் வேண்டாம், லண்டனில் ஒரு கிழவனும் வேண்டாம். சட்டம் போட்டவனும் அதைக் கொடுக்கவில்லை, மேடையில் ஏறியவனும் அதைக் கேட்கவில்லை.

யோகம் முதற் சம்பளத்தில் எல்லாவற்றையும் திருப்பித் தருவாளாம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்தக் காசு அவள் பட்ட கடன் அல்ல. குணம் கொடுத்த எழுநூற்றைம்பதை நான் கழிக்கவும் இல்லை. மிசின், பாடங்கள், போத்தல், சுங்கம், தந்தி, ரீச்சர், வங்கிக் கூலி எல்லாம் சேர்த்து, மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்து இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்காமற்போன ஆங்கிலத்துக்கு என் கையால் போனது: நூற்று நாற்பத்தேழு பவுண் தொண்ணூற்றைந்து பென்ஸ்.